பாலாமை வளர்த்த அக்கா

யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் அக்கா உடனே குடித்துவிட மாட்டாள். கண்ணாடித் தம்ளராக இருந்தால் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு பார்வை. பிறகு கொடுத்தவள் முகத்தில் ஒரு பார்வை. நான் கல்யாணமாகித் தாராவிக்கு வந்த புதிதில் அவளுக்குக் கொடுத்தது பித்தளைத் தம்ளரில். அதில் வெளிச்சம் போகாது. அக்கா உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, மோந்து, நாக்கு நுனியில் வைத்து, அதற்கப்புறம்தான் குடித்தாள்.

“புளி போட்டு வெளக்கினியா, சாம்பல் போட்டா?” என்று கேட்டாள்.

“புளிதான் அக்கா.”

“பொய் சொல்லுத. சாம்பல் வாடை வருது.”

உண்மையில் சாம்பல்தான். புளிக்கு அன்றைக்கு எங்கள் வீட்டில் வழியில்லை. புதுப்பெண் முகத்தில் அடித்தாற்போல் இப்படிச் சொல்கிறாளே என்று இரண்டு நாள் எனக்கு ஆறவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. தாராவியில் எங்கள் வீடுகள் இருந்த இடத்துக்குப் பின்னால் சேறும் கோரையுமாகச் சதுப்பு. அது போய்க் காடியில், கடல்நீர் ஏறி இறங்கும் கழியில், முடியும். ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். பம்பாயில் அதைச் சால் என்பார்கள். எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். வரிசையின் கடைசி வீடு அக்காவுடையது. அவள் சயானுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கல்யாணமே ஆகவில்லை என்று சிலர் சொன்னார்கள், புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்று சிலர் சொன்னார்கள். அவள் எதுவும் சொன்னதில்லை. எல்லாருக்கும் அவள் நர்ஸம்மா. அடுத்த வீட்டுக்காரி என்பதால் எங்கள் வீட்டுக்கு மட்டும் அக்கா.

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தங்க இடம் கொடுக்க இருந்தார்கள். போகவில்லை. “ஒரு அறையில நாலு பேரு. நான் டூட்டிக்குப் போனா எம்பெட்டிய எவ தொறக்கான்னு யாரு பாக்கறது?” என்றாள். எங்கள் வரிசையில் வீட்டுக்கு ஒரு பூட்டு. அவள் கதவில் மட்டும் இரண்டு. பூட்டிவிட்டுப் பத்தடி போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள்.

இந்த அக்காதான் ஆமை வளர்த்தாள்.

நான் வந்த முதல் மழைக்காலத்திலேயே அது தொடங்கியது. சதுப்பில் தண்ணீர் ஏறி வீட்டு வாசல்களைத் தொட்டது. எதிர்வரிசைப் பொன்னம்மா திடீரென்று அலறினாள். அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு ஆமை. ஊர்க் குளங்களில் நாங்கள் பாலாமை என்று சொல்லும் ஜாதி. உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவு. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சின்னப்பிள்ளையிலிருந்தே காதில் விழுந்த சொல். பொன்னம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு ஆண்கள் விறகுக் கட்டையோடு வந்தார்கள்.

அக்கா வெள்ளைச் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தாள்.

“இது வந்ததுனால வீடு உருப்படாதுங்கிய. சரி. இதுக்கு முந்தி உருப்பட்டுக்கிட்டா இருந்தது?”

பொன்னம்மாவின் புருஷன் கையில் கட்டையோடு நின்றான். அவனுக்கு வேலை போய் ஒரு வருஷம். அக்கா ஒரு துண்டை ஆமைமேல் போட்டு, ஓட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கினாள். அது கழுத்தை நீட்டி நீட்டிக் கடிக்கப் பார்த்தது. ஒரு நாற்றமடிக்கும் தண்ணீரை வேறு அவள் மேல் விட்டது.

“நான் பாத்துக்கிடுதேன். என் வீடு உருப்படுதா இல்லையான்னு நீங்களும் பாத்துக்கிடுங்க” என்றாள்.

அவளுக்கு அந்த ஆமையின் மேல் பரிவு என்று நான் அன்று நினைத்தேன். இல்லை. அவளுக்கு அந்தப் பழமொழியின் மேல் சந்தேகம்.

அவள் வீட்டுப் பின்புறம் சதுப்பைப் பார்த்த ஒரு துண்டு நிலம் இருந்தது. அங்கே குழி வெட்டி, ஒரு பாதியைத் தண்ணீர்த் தொட்டியாகப் பூசி, மறுபாதியைச் சேறாகவே விட்டு, சுற்றிலும் தகரம் அடித்தாள். மழை தோறும் ஒன்றிரண்டு ஆமை யார் வீட்டிலாவது புகும். ஆள் அனுப்பி அவளைக் கூப்பிடுவார்கள். திட்டிக்கொண்டே கூப்பிடுவார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் குழியில் ஏழெட்டு ஆகிவிட்டன.

டூட்டி இல்லாத நாளில் அவள் ஒரு முக்காலியைப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எனக்கும் வேலை முடிந்த மதியங்களில் வேறு போக்கிடம் இல்லை. அவளோடு சேர்ந்து பார்ப்பேன். பாலாமையின் மூக்கு பன்றி மூக்கு மாதிரி, குழலாக நீண்டிருக்கும். உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க அந்தக் குழல் நுனி மட்டும் மேலே வந்து காற்றை எடுத்துக்கொண்டு போகும். வயிற்றுப் பக்கத்து ஓட்டில் பின்னால் இரண்டு தோல் மூடிகள். காலை உள்ளே இழுத்தால் மூடி தானாகச் சாத்திக்கொள்ளும். அக்கா அதைத் திருப்பிக் காட்டிச் சொன்னாள்:

“பாத்தியா, ஆண்டவரே இதுக்குக் கதவு வச்சிக் குடுத்திருக்காரு. நமக்குத்தான் குடுக்கல.”

நத்தை, தவளைக்குஞ்சு, மீன் தலை, பழைய சோறு, அழுகின காய், செத்த எலி, எது போட்டாலும் தின்னும். வெயில் அடித்தால் கரையில் ஏறிக் காயும். ஆள் நிழல் விழுந்ததும் கல்லாகிவிடும். மழை ஓயும் காலத்தில் ஒன்று பின்காலால் மண்ணைப் பறித்து, வெள்ளையாக, உருண்டையாக முட்டையிட்டு மூடியது. கோழிக்குஞ்சு மாதிரி மூன்று வாரத்தில் வரும் என்று நான் காத்திருந்தேன். குளிர்காலம் போயிற்று, கோடை போயிற்று, அடுத்த மழை விழுந்த பிறகுதான் காலணா அகலத்தில் குஞ்சு வெளியே வந்தது. அதுவரை அந்த மண்ணை யாரும் மிதிக்காமல் அக்கா கம்பி நட்டு வைத்திருந்தாள்.

ஆமைகளையும் அவள் நம்பினாள் என்று சொல்ல முடியாது. “அந்தா கிடக்கே, அது தூங்கல. நம்மப் பாத்துக்கிட்டுக் கிடக்கு” என்பாள்.

ஒருமுறை நான் கேட்டேன். “ஏங்கா இப்படி எல்லாத்தையும் சந்தேகப்படுதிய?”

ஆமைகளைப் பார்த்தபடியே சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வார்டில் ஒரு தாய், பிள்ளை இப்போதுதான் அசந்து தூங்குகிறது, எழுப்பாதீர்கள் என்றாளாம். இவளும் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாளாம். பிள்ளை தூங்கவில்லை. “அன்னையிலேருந்து நான் யாரு சொல்லுததையும் கேக்கல. பாக்கத்தான் செய்யுதேன்.”

அது நடந்ததா, என் வாயை அடைக்கச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. அவளோடு பழகினால் அவள் சொல்வதையும் திருப்பிப் பார்க்கத் தோன்றிவிடும்.

எங்கள் இருவருக்கும் மனத்தாங்கல் வந்தது ஒரு குழம்பால். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கோயில் ஆராதனை முடிந்து வரும் வழியில் கிண்ணத்தோடு என் வாசலில் நிற்க ஆரம்பித்தாள். “ஒங்க வீட்டு மீன்குழம்பு கொஞ்சம் ஊத்து பிள்ளே.” பிறத்தியார் வீட்டுத் தண்ணீரைக்கூட நம்பாதவள் என் குழம்பைக் கேட்கிறாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டுக் கொடுப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிண்ணத்தை வாங்கிவரப் பின்பக்கமாகப் போனேன். என் குழம்பும் சோறும் பிசைந்து ஒரு இலையில் ஆமைகளுக்கு முன்னால் வைத்திருந்தாள். அவை தின்பதை முக்காலியில் உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். அதன்பின் அவள் கேட்டால் குழம்பு தீர்ந்துவிட்டது என்பேன். அவள் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் மெலிந்துகொண்டு வந்தார். குர்லாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். இருமல் இருந்தது. இரும்புத் தூசி என்றார். ராத்திரி வீட்டுக்குள் புழுக்கம் என்று வாசலுக்கு வெளியே படுத்தார். தனித் தம்ளர் வைத்துக்கொண்டார். கைக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவது குறைந்துபோயிற்று. பம்பாய்க்கு வந்தால் ஆண்பிள்ளைகள் இப்படித்தான் ஆகிவிடுவார்கள்போல என்று நான் ஒரு பக்கம் அழுதுகொண்டு இருந்தேன்.

கோடை வந்தது. அக்காவின் குழியில் தண்ணீர் சுண்டச் சுண்ட ஆமைகள் ஒவ்வொன்றாகச் சேற்றுக்குள் இறங்கின. ஒரு வாரத்தில் ஒன்றும் வெளியே தெரியவில்லை. மேலே மண் காய்ந்து வெடித்தது. ஒவ்வொரு கோடையும் அப்படித்தான், தின்னாமல் குடிக்காமல் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். இந்த முறை அக்கா குழியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“கொறையுதுட்டி.”

“எல்லாம் மண்ணுக்குள்ள இருக்குங்கா. தோண்டிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போகுது.”

“இப்பத் தோண்டினா அதுகளுக்கு ஆகாது. மழ வரட்டும்.”

மழை வந்தது. முதல் பெருமழைக்கு மறுநாள் மண் இளகி, சேற்று உருண்டைகள் மாதிரி அவை நகர்ந்து வெளியே வந்தன. அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு மதியம்வரை நின்றாள். பாதிதான் வந்தன. அதற்கப்புறம் மண்வெட்டியை எடுத்து மிச்ச மண் முழுவதையும் புரட்டினாள். ஒன்றுமில்லை.

அன்று மாலையே வீடுவீடாகப் போனாள். திருடினீர்களா என்று கேட்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, அடுப்பைப் பார்த்து, மோரிப் பக்கம், பாத்திரம் கழுவும் மூலையில், மூக்கை உறிஞ்சி, எழுந்து போனாள். அதுதான் ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. “போலீசு வந்தாக்கூட வாசல்ல நின்னு கேட்டுட்டுப் போகும்” என்று பொன்னம்மா குழாயடியில் கத்தினாள். ஆமை போனது நல்லதுதான், சனியன் ஒழிந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் மனசுக்குள் அதையேதான் சொன்னேன். அதற்கப்புறமும் ஒரு ஆமை போயிற்று.

அந்த வாரத்தில் ஒருநாள் என் வீட்டுக்காரர் ஆள்காட்டி விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். லேத்தில் மாட்டிக்கொண்டது என்றார். மஞ்சள் வைத்துக் கட்டினேன். மறுநாள் ஞாயிறு. அக்கா கோயிலிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குள் வந்தாள். பைபிளை மடியில் வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள்.

“தம்பி, கையக் காட்டும்.”

“லேத்துல மாட்டிக்கிட்டுதுக்கா. சின்னக் காயம்.”

“சின்னக் காயம்னா காட்டுததுக்கு என்ன?”

அவர் என்னைப் பார்த்தார். நான், காட்டுங்கள் என்று கண்ணைக் காட்டினேன். ஆஸ்பத்திரி ஆள் பார்த்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். அக்கா துணியை அவிழ்த்தாள். விரலை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“மெஷின்ல மாட்டினா நசுங்கும், பிஞ்சு போவும். இது மேலயும் கீழயும் பிறை மாதிரி வெட்டு. பல்லுத் தடமும் கிடையாது. பல்லு இல்லாம கத்திரிக்கோல் மாதிரி கடிக்கிறது எது, தம்பி?”

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. “அக்கா, ஒங்க சந்தேகத்த வேற எங்கனயாவது வச்சிக்கிடுங்க. ஒங்க ஆமைய இவிய எதுக்குத் தொடுதாவ? எங்களுக்கு என்ன கறிக்குப் பஞ்சமா?”

“கறிக்கு இல்ல. ஒஞ்சட்டியில அந்த வாடை இல்ல. நான் மோந்து பாத்துட்டேன்.” அவள் என் பக்கம் திரும்பாமல் அவரையே பார்த்தாள். “ஒம் மாப்பிள்ளைக்கு ஒடம்புக்கு என்ன பிள்ளே?”

“ஒண்ணும் கிடையாது. எம்பிள்ள தலையில அடிச்சிச் சொல்லுதேன், இவியளுக்கு ஒரு கேடும் இல்ல.” தொட்டிலில் கிடந்த குழந்தையின் தலையில் நிஜமாகவே கையை வைத்துவிட்டேன்.

“சும்மா இரு.” அதைச் சொன்னது அக்கா இல்லை. அவர். “பிள்ளையத் தொட்டுச் சத்தியம் பண்ணாத.”

அக்கா கொஞ்சம் முன்னால் குனிந்தாள். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

“ஆமைய எடுக்கிறவன் ஆக்கித் தின்பான். இல்லன்னா விப்பான். ரெண்டும் இல்லன்னா ரத்தத்துக்கு. ரத்தம் குடிக்கச் சொன்னது யாரு?”

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பட்டறையில் கூட வேலைபார்க்கும் ஒருவன் சொன்னானாம். ஊர்க் கடற்கரையில் பெரிய ஆமையை அறுத்துச் சூட்டோடு குடிப்பார்கள், நெஞ்சுக் கோளாறு போகும், உடம்பு தேறும் என்று. இங்கே கடலாமை எங்கே கிடைக்கும்? அக்கா டூட்டிக்குப் போகும் நேரம், நான் குழாய்க்குப் போகும் நேரம் பார்த்துத் தகரத்தை விலக்கி எடுத்துச் சாக்குப் பையில் போட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவாராம்.

“எப்பத்துலேருந்து சளியில ரத்தம் வருது?”

“பொங்கலுக்கு முந்தியே.”

“இவகிட்டச் சொல்லலியா?”

“சொன்னா அழுவா. அடுத்த வீட்டுக்குத் தெரியும். பட்டறைச் சேட்டுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே கணக்க முடிச்சிருவாரு. காசநோய்க்காரனுக்கு எவன் வேல குடுப்பான், எவன் வீடு குடுப்பான்?”

அவர் வெளியே படுத்ததும், தனித் தம்ளரும், பிள்ளையைத் தூக்காததும் எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அழவில்லை. அழ வரவில்லை. அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற வாடை வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

அக்கா தன் பையிலிருந்து ஒரு சிறு கண்ணாடிக் குப்பியை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். வரும்போதே கொண்டு வந்திருக்கிறாள். “நாளைக்கு விடிஞ்சதும் பல்லு வெளக்குமுன்ன வாற சளிய இதுல பிடிச்சுத் தாரும். ஆமை போன கணக்க அப்புறம் பேசுவோம்.”

சளியில் கிருமி இருந்தது. நெஞ்சைப் படம் எடுக்க அவரை அழைத்துப்போன அன்று, சயான் ரோட்டில் அவர் முன்னால் நடக்க, நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். அக்கா சர்வசாதாரணமாகச் சொன்னாள்:

“மொதல்ல ஒம்மேலதான் சந்தேகம்.”

“எம்மேலயா? என்ன சந்தேகம்?”

“நல்லா இருந்த ஆளு ஒன்னக் கட்டின ரெண்டு மூணு வருஷத்துல இத்துப் போறான். நீ குழம்புல என்னமும் கலக்குதியோன்னு பாத்தேன். அதுக்குத்தான் கிண்ணத்தக் கொண்டு வந்தது. ஆமைக்கு ஒண்ணும் ஆகல.”

நடுரோட்டில் நின்றுவிட்டேன். இப்படியும் ஒருத்தி நினைப்பாளா? நினைத்ததை என்னிடமே சொல்வாளா? அவள் பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வருவதற்குள் அவரை எக்ஸ்ரே அறைக்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

வைத்தியம் ஒன்றரை வருஷத்துக்கு மேல் போயிற்று. ஊசி, மாத்திரை. முதல் மாதங்களில் தினமும் ஊசி. வெளியே போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று அக்கா டூட்டி முடிந்து வந்து வீட்டிலேயே போட்டாள். ஜன்னலை அடைத்து, கதவைச் சாத்திக்கொண்டு. அந்த நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும் நேரம். நான் குடத்தோடு வரிசையில் நிற்பேன். குழந்தை இடுப்பில் இருக்கும்.

பொன்னம்மா ஒருநாள் என் காதோரம் வந்தாள். “நர்ஸம்மா தெனம் ஒன் வீட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிடுதாளாம்லா. நீ இங்கன தண்ணி பிடிச்சிக்கிட்டு நிக்க.”

உண்மையைச் சொன்னால் வீடு காலி செய்யச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பேச்சு வரிசை முழுக்கப் பரவியது. ஒருத்தர் இரண்டு பேர் அக்காவின் முகத்துக்கு நேராகவே சாடையாகப் பேசினார்கள். அக்காவிடம் நான் அழுதேன்.

“பேசட்டும்” என்றாள். “இதையாவது சந்தேகப்படுதாவளே. இருமலச் சந்தேகப்பட்டாவன்னா ஒங்களுக்கு வீடு கிடையாது.”

அவளுக்கு இந்த விஷயத்தில் கெட்ட பேர் என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பேச்சு என்பது கரையான். கேட்டுக்கொண்டே இருந்தால் சொந்த மனசையும் அரிக்கும். ஒருநாள் தண்ணீர் நிற்பதற்கு முன்பே குடத்தை வரிசையில் விட்டுவிட்டு வந்து, என் வீட்டுக் கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அக்காவின் குரல் கேட்டது.

“வாயத் தொறயும். இன்னும் நல்லா. நாக்கத் தூக்கும். இடது பக்கக் கன்னம். ம், இப்பத் தண்ணியக் குடியும். மறுபடியும் தொறயும்.”

“நான் என்ன பச்சப்பிள்ளையாக்கா?”

“பச்சப்பிள்ளை பொய் சொல்லாது.”

காரணம் பிறகு தெரிந்தது. அந்த மாத்திரைகள் கைநிறையச் சாப்பிட வேண்டும். வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும். அவர் வாயில் போட்டு அடக்கிக்கொண்டு, பின்பக்கம் போய்ச் சதுப்பில் துப்பிக்கொண்டிருந்தார். கைவாக்கில் இரண்டு அக்காவின் தகரத்துக்குள் விழுந்துவிட்டன. எதைப் போட்டாலும் தின்கிற பாலாமை அதை மட்டும் மோந்துவிட்டு ஒதுங்கிப்போவதை அக்கா முக்காலியில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்துதான் இந்தச் சோதனை. இருமல் குறைந்த பிறகும் விடவில்லை. சதை பிடித்த பிறகும் விடவில்லை. நான் நாள் தவறாமல் கொடுக்கிறேன் அக்கா என்று எத்தனையோ முறை சொன்னேன். சரி, சரி என்பாள். சாயங்காலம் வந்து நிற்பாள். அவருக்கு அவளைக் கண்டாலே எரிச்சல். “இந்தப் பொம்பளைக்கு நான் மருந்துக்குப் பயந்ததவிட ஜாஸ்தி பயப்படுதேன்” என்பார். பயந்துகொண்டே விழுங்கினார்.

கடைசிப் படத்தில் நெஞ்சில் தழும்பு மட்டும் இருந்தது. டாக்டர் போதும் என்று சொன்னார். அக்கா அதையும் கேட்டுக்கொள்ளாமல், படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்துத் தான் ஒருதரம் பார்த்தாள்.

அந்தப் பத்தாண்டின் முடிவில் சதுப்பை மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்க ஆரம்பித்தார்கள். அக்காவின் குழிக்குப் பக்கத்திலேயே லாரிகள் வந்து கவிழ்த்துவிட்டுப் போயின. அந்தச் சமயத்தில் அவளுக்கு நாசிக் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எங்களிடம் அதைக் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் சொன்னாள். முன்கூட்டிச் சொன்னால் வீட்டை எவனாவது வளைத்துக்கொள்வான் என்று பயம்.

ஆமைகளைச் சயான் குளத்தில் விட முடிவாயிற்று. ஜூன் மாதம், மழை பிடித்து ஒரு வாரம். பெரிய மண்ணெண்ணெய் டின்னில் ஈரச் சாக்கு போட்டு, ஆமைகளை அடுக்கி, டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நடந்தார். குளம்வரை எங்கும் இறக்கி வைக்கவில்லை. அக்கா பக்கவாட்டில் குடையோடு வந்தாள். டின்னை ஒரு கண், வழியில் போகிறவர்களை ஒரு கண்.

குளக்கரையில் அவர் டின்னைச் சாய்த்தார். ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கித் தண்ணீரில் விழுந்து மறைந்தன. கடைசியாக விழுந்த ஒன்று மட்டும் கரைச் சேற்றிலேயே தங்கிவிட்டது. தலையை இழுத்து, பின் மூடிகளைச் சாத்திக்கொண்டு, கல்லாகக் கிடந்தது.

“நாம நிக்கது தெரியுது அதுக்கு” என்றாள் அக்கா. “தள்ளி வாங்க.”

நாங்கள் இருவரும் ஒரு புங்கமரத்தடிக்குப் போனோம். அவர் படித்துறைப் பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து டின்னைக் கழுவ ஆரம்பித்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. அவளை இனி எங்கே பார்க்கப்போகிறோம்? மனசில் இத்தனை வருஷம் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

“அக்கா, ஒரு நாளாவது என்ன நம்பியிருக்கியளா?”

அக்கா வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் இல்லை. யோசித்தாள்.

“இல்லட்டி” என்றாள். “நம்பியிருந்தேன்னா, அந்தா உக்காந்து டின் கழுவுதாருல்லா, அந்த ஆளு அங்க இருந்திருக்க மாட்டாரு.”

அவர் டின்னைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு எழுந்து எங்களைப் பார்த்துக் கையை அசைத்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. சேற்றில் கிடந்த அந்த ஆமை மூக்கை நீட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.